நடுவர் சொன்ன பெயர் பெக்கர், வென்றவர் ஸ்டிச்

"ஜெர்மனி டென்னிஸ் என்றால் போரிஸ் பெக்கர், ஸ்டெஃபி கிராஃப் என்று இரண்டு பேரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1991-ல் பெக்கரையே தோற்கடித்து விம்பிள்டன் வென்ற மைக்கேல் ஸ்டிச் என்ன ஆனார்? ஒரே ஒரு முறை அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவரா அவர்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இறுதி ஆட்டத்தின் கடைசி நொடியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டிச் அடித்த கடைசி ஃபோர்ஹேண்டை பெக்கரால் எடுக்க முடியவில்லை. ஸ்டிச் புல் தரையில் மண்டியிட்டு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். மேலே உயரமான நாற்காலியில் இருந்த நடுவர், "கேம், செட், மேட்ச்" என்று அறிவித்துவிட்டு அடுத்து வாய் தவறிச் சொன்ன பெயர் பெக்கர். ஒரு செட்கூட இழக்காமல் நேர் செட்களில் வென்று தரையில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் முதலில் வரவில்லை. நடுவர் வேண்டுமென்று செய்ததில்லை. அதற்கு முந்தைய ஆறு வருடங்களாக அந்த மைதானத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்த நாக்கு அது. ஆனால் ஸ்டிச்சின் டென்னிஸ் வாழ்க்கை முழுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான் போனது.

அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவர் என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. அவர் தலைமுறையில் எல்லா விதமான தரையிலும், ஒற்றையர், இரட்டையர், நாட்டுக்கான அணி ஆட்டம் என்று எல்லா வடிவத்திலும் இவ்வளவு முழுமையாக ஆடியவர்கள் மிகச் சிலர். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளின் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன்) ஒற்றையர் கோப்பைகளை மட்டும் எண்ணினால் அவர் கணக்கில் ஒன்றுதான் வரும். அந்த ஒரு எண்ணை வைத்து அவரை அளப்பது தவறு என்பதுதான் என் பதில். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். ஜெர்மன் உச்சரிப்பில் 'மிஹாயேல் ஷ்டிஹ்' என்பதற்குப் பக்கத்தில் வரும். நமக்குப் பழகியது ஸ்டிச் என்பதால் அப்படியே எழுதுகிறேன். 1968 அக்டோபர் 18 அன்று ஹாம்பர்க் நகருக்குப் பக்கத்தில் உள்ள பின்னபெர்க்கில் பிறந்தார். வளர்ந்தது எல்ம்ஸ்ஹார்ன் என்ற சிறிய ஊரில். இரண்டுமே ஜெர்மனியின் வடக்குப் பகுதி. பெக்கரின் ஊர் லைமன், கிராஃபின் ஊர் ப்ரூல். அந்த இரண்டும் தெற்கே, ஹைடல்பெர்க்கை ஒட்டி ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பவை. அவர்கள் இருவரும் சிறு வயதில் சேர்ந்தே பயிற்சி எடுத்தவர்கள், இருவரையும் பதின்ம வயதிலேயே உலகம் பார்த்துவிட்டது. 1985-ல் பெக்கர் 17 வயதில் விம்பிள்டன் வென்றபோது, அவரைவிடப் பதினோரு மாதம் இளையவரான ஸ்டிச் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

படித்து முடித்தார் என்பதையும் கவனியுங்கள். ஜெர்மனியில் 'அபிட்டூர்' என்று ஒரு பள்ளி இறுதித் தேர்வு உண்டு, பல்கலைக்கழகம் போக வேண்டுமானால் அதில் தேற வேண்டும். அதை முடித்த பிறகுதான், 1988-ல், 19 வயதில் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதற்குள் பெக்கர் இரண்டு விம்பிள்டன் கோப்பைகளை வீட்டில் வைத்திருந்தார். டென்னிஸ் உலகத்தில் இந்தத் தாமதம் பெரிய தாமதம். ஆனால் அதில் ஒரு நன்மையும் இருந்தது என்று நினைக்கிறேன். வாழ்க்கையில் டென்னிஸைத் தவிர வேறு எதுவும் உண்டு என்று தெரிந்துகொண்டு களத்துக்கு வந்தவர் அவர். 28 வயதில் தயங்காமல் விலகியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். உயரம் 1.93 மீட்டர். ஒரு கையால் அடிக்கும் பேக்ஹேண்ட். கையில் ஆஸ்திரிய நிறுவனமான ஃபிஷரின் மட்டை. அவருடைய சர்வீஸை முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது வேகமான சர்வீஸ் என்றே தோன்றாது. பெக்கர் சர்வீஸ் போடும்போது முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து, உடம்பு முழுவதும் வில்லைப் போல முறுகி நிற்கும். பார்ப்பவருக்கே மூச்சு வாங்கும். ஸ்டிச்சிடம் அந்த முயற்சியே தெரியாது. பந்தை மேலே விட்டு, கை ஒரே ஓட்டத்தில் சுற்றி வரும், அவ்வளவுதான். ஆனால் பந்து எதிராளியைத் தாண்டிப் பின்சுவரில் மோதியிருக்கும். எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கடைசி நொடி வரை காட்டிக்கொடுக்காத அசைவு அது.

சர்வீஸ் நன்றாகப் போடுபவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஸ்டிச்சிடம் அதோடு, எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிக்கும் நல்ல ரிட்டர்னும் இருந்தது. வலைக்கு ஓடி வந்து வாலி ஆடுபவர்கள், அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிப்பவர்கள், பலருக்குப் பின்கோட்டில் நின்று நீண்ட நேரம் பந்து பரிமாறத் தெரியாது. பின்கோட்டு ஆட்டக்காரர்களுக்கு வலைப் பக்கம் வந்தால் கை நடுங்கும். இவருக்கு இரண்டும் வரும். முன்னே வந்து பாதத்துக்கு அருகே இறங்கும் பந்தை, தரையில் பட்டு எழும் நொடியிலேயே அரை வாலியாக எடுத்து வைப்பதும், பின்னே நின்று பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டி அடிப்பதும் ஒரே இயல்போடு வந்தன. விம்பிள்டன் புல் அப்போது இன்றைய புல் மாதிரி இல்லை. ரைகிராஸ் என்ற புல் வகை மட்டுமே உள்ள இன்றைய தரை 2001-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பந்து தாழ்ந்து, வழுக்கிக்கொண்டு வரும். சர்வீஸ் போட்டுவிட்டு முன்னே ஓடுவதுதான் வழி. ஸ்டிச்சுக்கு அந்தத் தரை வசதி. ஆனால் அந்தத் தரை மட்டுமே வசதி என்று நினைத்தால் அவரை விளங்கிக்கொள்ள முடியாது.

1990 தொடக்கத்தில் மெம்ஃபிஸ் நகரில் முதல் பட்டம் வென்றார். ஆனால் அந்த ஆண்டு முடியும்போது தரவரிசையில் முதல் 40 பேருக்குள்கூட அவர் இல்லை. அடுத்த ஆறு மாதத்தில் எல்லாம் மாறியது. 1991 பிரெஞ்சு ஓபனில், அதாவது களிமண் தரையில், அரை இறுதி வரை போனார். ஜிம் கூரியரிடம் தோற்றார், கூரியர்தான் கோப்பையை வென்றார். அடுத்து விம்பிள்டன். அங்கே அவருக்குப் போட்டித் தரவரிசையில், அதாவது ஒரு போட்டியில் முன்னணி வீரர்களுக்கு மட்டும் தரும் வரிசையில், 6-ம் இடம். எனவே எங்கிருந்தோ முளைத்து வந்தவர் என்ற பேச்சு அன்றைக்கே பொருந்தாது.

மழை கொட்டிய விம்பிள்டன் அது. ஆட்டங்கள் தேங்கிப்போனதால் வரலாற்றில் முதல் தடவையாக நடு ஞாயிற்றுக்கிழமையிலும் ஆட வேண்டி வந்தது. நான்காம் சுற்றில் ரஷ்யாவின் இடது கை ஆட்டக்காரர் அலெக்சாண்டர் வோல்கோவ் அவரை ஐந்து செட் இழுத்தார். கடைசி செட் 7-5. அங்கே தோற்றிருந்தால் இன்று நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள். கால் இறுதியில் எதிரே வந்தவர் அதே கூரியர். நேர் செட்களில் கணக்கு தீர்ந்தது.

அரை இறுதியில் ஸ்வீடனின் ஸ்டெஃபான் எட்பெர்க். உலகின் முதல் நிலை வீரர், முந்தைய ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன், வலைக்கு ஓடி வந்து ஆடும் கலையில் அன்று அவருக்கு நிகர் யாருமில்லை. ஸ்கோர் 4-6, 7-6, 7-6, 7-6. இந்த ஸ்கோரைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முதல் செட்டில் எட்பெர்க் ஒரு முறை ஸ்டிச்சின் சர்வீஸை முறியடித்தார், அதாவது ஸ்டிச் சர்வீஸ் போட்ட ஒரு கேமை வென்றார். நான்கு செட்களிலும் சேர்த்து ஸ்டிச் ஒரு முறைகூட எட்பெர்க்கின் சர்வீஸை முறியடிக்கவில்லை. 6-6 ஆகும்போது செட்டை முடிக்க ஆடும் டைபிரேக்கர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால் எட்பெர்க் வென்ற கேம்கள் 24, ஸ்டிச் வென்றவை 22. ஆட்டம் முழுவதும் தன் சர்வீஸைக் காப்பாற்றிய சாம்பியன் தோற்று வெளியேறினார்!

மூன்று டைபிரேக்கர்களும் ஸ்டிச் பக்கம். மூன்றும் அதிர்ஷ்டமா? டைபிரேக்கர் என்பது ஒரு செட்டின் எல்லா அழுத்தத்தையும் பத்துப் பன்னிரண்டு பாயின்ட்டுக்குள் அடைப்பது. அங்கே ஒரு பாயின்ட்டில் நல்ல ரிட்டர்ன் வைத்தால் போதும், ஆனால் அந்த ஒன்றை வைத்தே ஆக வேண்டும். ஸ்டிச் வைத்தார், மூன்று முறையும் வைத்தார். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. டைபிரேக்கர் முறையைக் கண்டுபிடித்தவர் ஜிம்மி வான் ஆலன் என்ற அமெரிக்கர். அவர் இறந்தது அதே வாரத்தில்தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஜெர்மனி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. விம்பிள்டன் ஆடவர் இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஜெர்மானியர்கள். முந்தைய நாள்தான் கிராஃப், சபாட்டினியைத் தோற்கடித்துப் பெண்கள் கோப்பையை வாங்கியிருந்தார். பெக்கருக்கு ஏழு ஆண்டுகளில் இது ஆறாவது விம்பிள்டன் இறுதி. அந்த ஜனவரியில்தான் ஆஸ்திரேலிய ஓபனை வென்றிருந்தார். யாரைக் கேட்டாலும் பெக்கர் என்றே சொல்லியிருப்பார்கள்.

6-4, 7-6, 6-4. பெக்கர் தனக்குத் தானே கத்தினார், வானத்தைப் பார்த்தார், தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். வலையின் மறுபக்கத்தில் இருந்தவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பெக்கரின் இரண்டாவது சர்வீஸை ஸ்டிச் ஒரு அடி முன்னே நின்று அடித்ததைத்தான் நான் அந்த ஆட்டத்தின் மையம் என்று சொல்வேன். புல் தரையில் பெக்கரை அப்படித் திருப்பி அடித்தவர்கள் குறைவு. முடிந்ததும் பெக்கர் அவரை வலையருகே கட்டிக்கொண்டது பெருந்தன்மையான காட்சி. அந்தக் காட்சிக்கு முன்னால்தான் நடுவரின் அந்தப் பிழை.

அதோடு காணாமல் போனாரா? அந்த ஆண்டே ஷ்டுட்கார்ட்டில் களிமண்ணில் ஒரு பட்டம், அமெரிக்காவில் ஸ்கெனெக்டடியில் ஹார்ட் கோர்ட்டில் ஒரு பட்டம், வியன்னாவில் உள்ளரங்கக் கார்ப்பெட் தரையில் ஒரு பட்டம். விம்பிள்டன் புல்லையும் சேர்த்தால் ஒரே ஆண்டில் நான்கு விதத் தரையில் நான்கு பட்டங்கள். ஆண்டு முடிவில் உலகத் தரவரிசையில் 4-ம் இடம்.

1992-ல் ஒற்றையரில் கொஞ்சம் சறுக்கல். விம்பிள்டன் கால் இறுதியில் அமெரிக்காவின் பீட் சாம்ப்ராஸிடம் நேர் செட்களில் தோற்றார். ஆனால் அதே விம்பிள்டனில் இரட்டையர் ஆட்டத்தில் அவருடைய ஜோடி யார் தெரியுமா? ஜான் மெக்கன்ரோ. அப்போது மெக்கன்ரோவுக்கு 33 வயது. இறுதியில் அமெரிக்காவின் ஜிம் கிராப், ரிச்சி ரெனபெர்க் ஜோடிக்கு எதிராக ஐந்தாவது செட்டில் 13-13 என்று இருந்தபோது இருட்டிவிட்டது. அன்று ஞாயிறு. மறுநாள் திங்கட்கிழமை மீண்டும் தொடங்கி 19-17 என்று முடித்தார்கள். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். மெக்கன்ரோவுக்கு விம்பிள்டனில் அதுதான் கடைசிக் கோப்பை. மெக்கன்ரோவின் சுபாவம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரோடு ஐந்தாவது செட்டில் இரண்டு நாள் தோளோடு தோள் நின்று ஆட ஒரு தனி நிதானம் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து பார்சலோனா ஒலிம்பிக். இந்த முறை ஜோடி பெக்கர். இருவரும் நண்பர்கள் அல்ல என்பதை இருவருமே மறைத்ததில்லை. ஹாம்பர்க் அரை இறுதியில் சில மாதங்களுக்கு முன்புதான் ஸ்டிச் 6-1, 6-1 என்று பெக்கரை நொறுக்கியிருந்தார், அதுவும் களிமண்ணில். பார்சலோனாவிலும் களிமண்தான். தகிக்கும் வெயிலில், ஐந்து செட் ஆட்டங்களாக ஆடி, இறுதியில் தென் ஆப்பிரிக்காவின் வெய்ன் ஃபெரைரா, பியெட் நார்வல் ஜோடியை வென்று தங்கம் வாங்கினார்கள். இன்றுவரை எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், ஜெர்மனியின் மிகச் சிறந்த இரண்டு ஆட்டக்காரர்கள் சேர்ந்து வென்ற தங்கம் அது, ஆனால் ஜெர்மன் டென்னிஸ் பற்றிப் பேசும்போது அதை நினைவுபடுத்துபவர்கள் குறைவு. அந்த ஆண்டு டிசம்பரில் மியூனிக்கில் நடந்த கிராண்ட் ஸ்லாம் கப் (பெயர்தான் அப்படி, அந்த நான்கில் ஒன்று அல்ல) இறுதியில் மைக்கேல் சாங்கை வென்றார். பரிசு 20 லட்சம் டாலர்.

1993-தான் அவருடைய ஆண்டு. ஆண்டின் தொடக்கத்தில் பெர்த் நகரில் கிராஃபோடு சேர்ந்து, நாடுகளுக்கான கலப்பு அணிப் போட்டியான ஹாப்மன் கோப்பை. ஆஸ்திரேலிய ஓபனில் அரை இறுதி. பிப்ரவரியில் ஷ்டுட்கார்ட் உள்ளரங்கப் பட்டம். மே மாதம் ஹாம்பர்க், சொந்த ஊர் மக்கள் முன்னால் களிமண்ணில், இறுதியில் ரஷ்யாவின் ஆந்த்ரேய் செஸ்னகோவை நான்கு செட்களில் வென்றார். ஹாம்பர்க் கோப்பையை மீண்டும் ஒரு ஜெர்மானியர் தூக்குவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின, 2023-ல் அலெக்சாண்டர் ஸ்வெரெவ். பெக்கர் தன் வாழ்நாளில் களிமண்ணில் ஒரு ஒற்றையர் பட்டம்கூட வென்றதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெக்கரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் வென்ற 49 பட்டங்களும் ஆறு கிராண்ட் ஸ்லாம்களும் மாபெரும் சாதனை. ஆனால் இரண்டு பேரில் யாருடைய ஆட்டம் எல்லாத் தரைக்கும் பொருந்தியது என்று கேட்டால் பதிலில் சந்தேகமே இல்லை.

ஜூனில் லண்டன் குயீன்ஸ் கிளப்பில் புல்தரைப் பட்டம். விம்பிள்டன் கால் இறுதியில் பெக்கரிடம் ஐந்து செட்களில் தோல்வி. அப்புறம் இலையுதிர் காலத்தில் பாசல், வியன்னா. நவம்பரில் ஆண்டின் முதல் எட்டுப் பேர் மட்டும் ஆடும் ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு) சாம்பியன்ஷிப், ஃபிராங்க்ஃபர்ட்டில். இறுதியில் உலகின் முதல் நிலை வீரரான பீட் சாம்ப்ராஸ். 7-6, 2-6, 7-6, 6-2. உலகத் தரவரிசையில் 2-ம் இடம். அவர் எட்டிய உச்சம் அதுதான்.

இதற்கும் மேலே டிசம்பரில் டுசெல்டார்ஃபில், நாடுகளுக்கு இடையிலான ஆடவர் அணிப் போட்டியான டேவிஸ் கோப்பையின் இறுதி, எதிரணி ஆஸ்திரேலியா. அந்த ஆண்டு பெக்கர் டேவிஸ் கோப்பையில் ஆடவில்லை. அணியைத் தூக்கிச் சுமந்தவர் ஸ்டிச். முதல் நாள் ஸ்டோல்டன்பெர்க்கை ஐந்து செட்களில் வென்றார். இரண்டாம் நாள் பாட்ரிக் கூனனோடு சேர்ந்து, அந்தக் காலத்தின் தலைசிறந்த இரட்டையர் ஜோடியான வுட்பிரிட்ஜ், வுட்ஃபோர்டை வென்றார். மூன்றாம் நாள் ஃப்ரோம்பெர்க்கை வென்று கோப்பையை உறுதி செய்தார். ஜெர்மனி 4-1. ஐந்து ஆட்டங்களில் கோப்பைக்குத் தேவையான மூன்று வெற்றிகளிலும் அவர் கை இருந்தது. பெக்கர் இல்லாமல் ஜெர்மனியால் டேவிஸ் கோப்பை வெல்ல முடியுமா என்று கேட்டவர்களுக்கு அந்த மூன்று நாட்கள் பதில் சொல்லிவிட்டன.

அப்படியானால் ஏன் முதல் நிலைக்கு வரவில்லை, ஏன் இன்னொரு கிராண்ட் ஸ்லாம் வரவில்லை? இதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஸ்டிச்சின் ஆட்டம் நல்ல நாளில் யாராலும் தொட முடியாதது, கெட்ட நாளில் சட்டென்று உதிர்ந்துவிடும். 1994 விம்பிள்டனில் போட்டித் தரவரிசையில் 2-ம் இடம் பெற்றிருந்தவர், தகுதிச் சுற்றிலிருந்து வந்த அமெரிக்கர் பிரையன் ஷெல்டனிடம் முதல் சுற்றிலேயே நேர் செட்களில் தோற்றார். (இப்போது ஆடும் பென் ஷெல்டனின் அப்பாதான் அவர். அதே விம்பிள்டனில் கிராஃபும் முதல் சுற்றில் வெளியேறினார் என்பது ஜெர்மனிக்கு இரட்டை அடி.) அதே ஆண்டு அமெரிக்க ஓபனில் இறுதி வரை போனார். அங்கே எதிரே இருந்தவர் போட்டித் தரவரிசை இல்லாமல் நுழைந்து ஒவ்வொருவராகச் சாய்த்து வந்த ஆந்த்ரே அகாஸி. 6-1, 7-6, 7-5. முதல் செட்டை விட்டுக்கொடுத்த விதத்தில் ஸ்டிச்சின் பலவீனம் தெரிந்தது. தொடக்கத்தில் ரிதம் பிடிபடவில்லை என்றால் போராடிப் பிடிப்பதை விட, அது தானாக வரட்டும் என்று காத்திருப்பார். இரண்டாவது, மூன்றாவது செட்டில் வந்தது, ஆனால் அன்று அகாஸியின் ரிட்டர்ன்களுக்கு முன்னால் அது போதவில்லை.

அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் வருத்திய ஆட்டம் 1995 செப்டம்பரில் மாஸ்கோவில் நடந்தது. டேவிஸ் கோப்பை அரை இறுதி, ரஷ்யாவுக்கு எதிராக, களிமண்ணில். தரையை அளவுக்கு மேல் நனைத்து வைத்துவிட்டார்கள் என்று ஜெர்மன் அணி முறையிட்டது. வேகமான சர்வீஸ் உள்ள அணியின் பந்தை மெதுவாக்க எளிய வழி அது. அப்படி இருந்தும் முதல் நாள் பெக்கரும் ஸ்டிச்சும் தத்தம் ஆட்டங்களை வென்று ஜெர்மனி 2-0. இரண்டாம் நாள் இரட்டையரில் தோல்வி. மூன்றாம் நாள் பெக்கரால் ஆட முடியவில்லை. அவருக்குப் பதில் இறங்கிய பெர்ன்ட் கார்பாகர், ரஷ்யாவின் யெவ்கேனி காஃபல்னிகோவிடம் தோற்றார். 2-2. எல்லாமே கடைசி ஆட்டத்தில். ஸ்டிச் எதிராக செஸ்னகோவ், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹாம்பர்க் இறுதியில் இவரிடம் தோற்ற அதே ஆள்.

முதல் செட் செஸ்னகோவுக்கு. அடுத்த இரண்டும் ஸ்டிச்சுக்கு, 6-1, 6-1. நான்காவது செஸ்னகோவுக்கு. ஐந்தாவது செட்டில் டைபிரேக்கர் கிடையாது, யாராவது இரண்டு கேம் முந்தும் வரை ஆட வேண்டும். அந்தச் செட்டில் ஸ்டிச்சுக்குக் கிடைத்த மேட்ச் பாயின்ட்கள், அதாவது வென்றால் ஆட்டமே முடிந்துவிடும் பாயின்ட்கள், ஒன்பது. ஒன்பதையும் செஸ்னகோவ் தடுத்தார். முடிவு 14-12, செஸ்னகோவ். ஒரு பாயின்ட், ஒன்பதில் ஏதாவது ஒன்று விழுந்திருந்தால் ஜெர்மனி இறுதிக்குப் போயிருக்கும். 1991-ல் எட்பெர்க்குக்கு எதிராக நெருக்கடியான பாயின்ட்கள் எல்லாம் யார் பக்கம் சாய்ந்தனவோ, அவரையே மாஸ்கோவில் ஒன்பது முறை கைவிட்டன. இதைக் கொண்டு அவருக்கு மன உறுதி இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஈரக் களிமண்ணில் மூன்று நாளும் ஆடிவிட்டு, மூன்றாம் நாள் ஐந்தாவது செட்டில் அத்தனை கேம் நின்றவரிடம் எதைக் குறையாகச் சொல்வது? அடுத்த மாதமே வியன்னாவில் கணுக்கால் மோசமாகத் திரும்பித் தசைநார் கிழிந்தது. அதோடு ஆட்டமே முடிந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. 1996 பிப்ரவரியில் ஆன்ட்வெர்ப் நகரில் குரோஷியாவின் கோரன் இவானிசெவிச்சை வென்று பட்டம் வாங்கினார். அதுதான் அவருடைய 18-வது ஒற்றையர் பட்டம், கடைசிப் பட்டமும்கூட. அந்த மே, ஜூனில் பாரிஸ். களிமண் மன்னன் என்று பெயர் எடுத்திருந்த, நடப்பு சாம்பியனான தாமஸ் முஸ்டரை நான்காம் சுற்றில் நான்கு செட்களில் சாய்த்தார். களிமண்ணில் முஸ்டரை வெல்வது அந்த இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு அரிது என்பதை அன்று டென்னிஸ் பார்த்தவர்கள் அறிவார்கள். முன்னே வந்து, வாலி ஆடி, பந்துக்கு உயரமே கொடுக்காமல், முஸ்டரை அவர் விரும்பும் நீண்ட பரிமாற்றங்களுக்குள் இழுக்க விடாமல் ஆடினார். இறுதியில் காஃபல்னிகோவிடம் 7-6, 7-5, 7-6 என்று தோற்றார். மூன்று செட்டும் கையருகே வந்து போனவை.

இப்போது மொத்தமாகப் பாருங்கள். விம்பிள்டன் வெற்றி, அமெரிக்க ஓபன் இறுதி, பிரெஞ்சு ஓபன் இறுதி, ஆஸ்திரேலிய ஓபன் அரை இறுதி. நான்கிலும் குறைந்தது அரை இறுதி, அதில் மூன்றில் இறுதி. பெக்கரால் பிரெஞ்சு ஓபன் இறுதிக்குப் போக முடியவில்லை, சாம்ப்ராஸாலும் முடியவில்லை. நேருக்கு நேர் கணக்கில் பெக்கர் 8, ஸ்டிச் 4. பெக்கருக்கே மேல் கை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாம்ப்ராஸுக்கு எதிராக ஸ்டிச் 5, சாம்ப்ராஸ் 4. சாம்ப்ராஸோடு ஒன்பது முறை மோதிவிட்டு முன்னணியில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

1997-ல் தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. அந்த விம்பிள்டனோடு விலகுவது என்று முடிவெடுத்து, போட்டித் தரவரிசையில் இடம் இல்லாமல் உள்ளே வந்தார். கால் இறுதியில் பிரிட்டனின் டிம் ஹென்மனை, அவருடைய சொந்த மைதானத்தில், நேர் செட்களில் வென்றார். அதே கால் இறுதிச் சுற்றில் பெக்கர் சாம்ப்ராஸிடம் தோற்று, இது என் கடைசி விம்பிள்டன் என்று வலையருகே அவரிடம் சொன்னார். (பெக்கர் 1999-ல் மறுபடி வந்தார் என்பது வேறு.) ஸ்டிச் அரை இறுதியில் செட்ரிக் பியோலினிடம் ஐந்து செட் போராடித் தோற்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வயது 28. அரை இறுதி ஆடும் அளவுக்குத் தெம்பு இருக்கும்போதே, வலியோடு இழுத்துக்கொண்டு போக மனமில்லாமல், எங்கே பெயர் கிடைத்ததோ அங்கேயே மட்டையை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு என்ன ஆனார் என்றும் கேட்டீர்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1994-ல், எச்ஐவி தொற்றுள்ள குழந்தைகளுக்காகத் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அந்த நோயைப் பற்றிப் பேசவே மக்கள் கூசிய காலம் அது. விளம்பரத்துக்கு எளிதான விஷயத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பது எனக்கு அவர் மீது மரியாதையைக் கூட்டியது. 2009-ல் ஹாம்பர்க் போட்டியின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அது சுகமான பொறுப்பு இல்லை. அதுவரை உயர்மட்ட வரிசையில், மே மாதத்தில் நடந்துகொண்டிருந்த போட்டியை ஏடிபி ஒரு படி கீழே இறக்கி ஜூலைக்குத் தள்ளியிருந்தது. அதை எதிர்த்து நடந்த வழக்கிலும் ஜெர்மன் தரப்பு தோற்றிருந்தது. அந்த நிலையில் பத்து ஆண்டுகள், 2018 வரை, போட்டியை விடாமல் நடத்தினார். 2014-ல் அங்கே வைல்ட் கார்டு (போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி நுழைவு) பெற்று இறங்கிய 17 வயதுப் பையன் ஒருவன் அரை இறுதி வரை போனான். ஹாம்பர்க்கில் பிறந்த அந்தப் பையன்தான் ஸ்வெரெவ்.

2018 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் ஸ்டிச்சைச் சேர்த்தார்கள். அந்த மன்றம் உருவாகக் காரணமாக இருந்தவர் ஜிம்மி வான் ஆலன். டைபிரேக்கரைக் கண்டுபிடித்த அதே வான் ஆலன். 1991-ல் அவர் இறந்த அந்த வாரம், அவருடைய கண்டுபிடிப்பில் மூன்று முறை எட்பெர்க்கை வென்றவரின் பெயரை, 27 ஆண்டுகள் கழித்து வான் ஆலனின் ஊரில் அறிவித்தார்கள். மைக்கேல் ஸ்டிச் என்று, இந்த முறை சரியாக.